அம்மாவுக்குச் சீனி வருத்தம், இப்ப டிபியும். கால் எரியுது எண்டு சொல்றா. நல்ல விற்றமின் டொனிக் வாங்கிக் குடுக்கலாமா?

வாங்காதீங்க. கிளினிக்கில சின்னதா ஒரு குளிசை தந்திருப்பாங்க, பைரிடொக்சின், அதாவது விற்றமின் பி6. அதை அம்மா உண்மையாவே போடுறாவா எண்டு முதல்ல பாருங்க.

நான் டொக்டர் இல்ல. மட்டக்களப்பில கொக்கட்டிச்சோலைப் பக்கம், அப்பாவோட ஆறு மாசம் செஸ்ட் கிளினிக்குக்கு அலைஞ்ச மகள், அவ்வளவுதான். "நீ யார் மருந்து சொல்ல" எண்டு கீழ சண்டைக்கு வர வேணாம். மண்முனைப் பாலம் 2014இல திறந்தபடியா அலைஞ்சாவது முடிஞ்சுது, பாதையில, அதான் ஆளையும் வண்டியையும் ஏத்திற மிதவையில, போன காலமெண்டா பாதி நாள் துறையிலயே போயிருக்கும்.

அப்பாவுக்குச் சீனி 11 வருசம். மெலிஞ்சு போனார், சீனிதான் உருக்குது எண்டு நினைச்சம். இருமினார், நெல்லுச் சூடடிச்ச தூசி எண்டு விட்டம். காசு குடுத்துக் காட்டின டொக்டர் மூண்டு தரம் பாணி மருந்து மாத்தினார், ஒரு தரமும் சளியைச் சோதிக்கச் சொல்லல்ல. ரெண்டு கிழமைக்கு மேல இருமினாச் சளி பாக்கோணும். அதிலயும் சீனி உள்ள ஆளுக்கு டிபி வாறது மத்தவங்களை விட ரெண்டு மூண்டு மடங்கு கூட. எனக்கே இப்ப தெரியுது, அவருக்குத் தெரியாமலா?

முதல் ரெண்டு மாசம் நாலு மருந்து, மறுகா நாலு மாசம் ரெண்டு மருந்து. சல்லி ஒண்டும் இல்ல. அதில ஒண்டான ரிஃபாம்பிசினால சிறுநீர் செம்மஞ்சளாப் போகும் எண்டு கிளினிக் மிஸ்ஸி (நேர்ஸ்) முதலே சொன்னதால அதுக்குப் பயப்படல்ல. ஆனா அதே ரிஃபாம்பிசின் அப்பாட சீனிக் குளிசை கிளிக்ளசைட்டை உடம்பில நிக்க விடாமக் கழிச்சுப்போடுமாம். சீனி 300ஐத் தாண்டி இன்சுலினில கொண்டுபோய் விட்டிச்சு.

ரெண்டாம் மாசம் கால் எரிவு தொடங்கிச்சு. ராவில பாயில கால் வைக்க ஏலா, ஈரச் சாக்கில வைச்சிட்டுக் கிடப்பார். கனடா மாமா கேள்விப்பட்டு ஆள் மூலமா பெரிய டொனிக் போத்தல் அனுப்பினார். (எங்கட பக்கம் வீடு வளவு பொம்புளப் பிள்ளைக்குத்தான். அம்மாட சீதன வளவு உறுதி இன்னும் இந்த மாமாட பேரில. எழுதித் தாங்க எண்டா "எங்க ஓடப் போகுது" எண்டு சிரிப்பார். டொனிக் எண்டா மட்டும் உடன வரும். சரி, விடுங்க.)

டொனிக் நல்ல இனிப்பு. காலையில ரெண்டு கரண்டி. சீனி இன்னும் ஏறிச்சு, எரிவு குறையல்ல. கிளினிக் டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "பி6 போடுறீங்களா ஐயா?" அப்பா என்னைப் பாத்தார். டிபிக் குளிசை மிஸ்ஸிக்கு முன்னால விழுங்கிறது, அது ஒரு நாளும் விடுபடல்ல. பி6 வீட்டுக்குத் தந்தது. நாப்பது நாள் குளிசை வெத்திலைத் தட்டத்துக்குள்ள கிடந்திச்சு. "அது வெறும் விற்றமின்தானே புள்ள, மச்சான் அனுப்பினது பெரிசெல்லோ?"

டிபி மருந்தில இரிக்கிற ஐசோனியசிட் உடம்பில பி6ஐக் குறைச்சுப்போடும். சீனிக்காரருக்கு நரம்பு ஏற்கனவே பழுதாகி இரிக்கலாம். அதோட மெட்ஃபோர்மின் எண்ட சீனிக் குளிசை கன வருசம் போட்டா பி12உம் குறையலாம். ஆக, எரிவுக்கு எது காரணம் எண்டு அவங்கதான் பாத்துச் சொல்லோணும். கடையில வாங்கி பி6ஐக் கூட்டிப் போடவும் வேணாம், அளவு மிஞ்சினா அதுவே நரம்பைப் பழுதாக்கும். "விற்றமினால என்ன வரப்போகுது" எண்டு சொல்லப்போறவங்க இந்த வரியை ரெண்டு தரம் வாசிங்க.

அம்மாட சீனிக் கிளினிக் கொப்பியையும் டிபிக் கார்ட்டையும் ஒரே பையில வைச்சுக் கொண்டுபோங்க. நாங்க ரெண்டையும் வேற வேறயா வைச்சிருந்ததால, அங்க தந்த மருந்து இங்க தெரியா.

அப்பாவுக்கு எரிவு போக ரெண்டு மாசம் பிடிச்சுது. பெருவிரல் இன்னும் விறைப்புத்தான். மிச்ச டொனிக் அலுமாரிக்கு மேல இரிக்கு, மாமா வீடியோவில கேட்டாக் காட்ட வேணும் எண்டு அம்மா எறிய விடுறா இல்ல.