வாசகர் கேள்வி பதில்: லைட் வைத்த மேக்கப் கண்ணாடி, எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: வீட்டில் மேக்கப் போடும்போது ஃபவுண்டேஷன் தோலோடு சரியாகப் பொருந்தின மாதிரிதான் தெரிகிறது. வெளியே வந்து பார்த்தால் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். லைட் வைத்த கண்ணாடி வாங்கினால் இது சரியாகுமா?

பதில்: சரியாகும், ஆனால் எந்த லைட் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஃபவுண்டேஷன் மேல் தப்பு இல்லாமல்கூட இருக்கலாம். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள். உங்கள் அறையில் இருப்பது மஞ்சள் பல்ப் என்றால் அது சுமார் 2700 கெல்வின் வெளிச்சம். அதில் தோலும் மஞ்சளாகத் தெரியும், மேலே போட்ட க்ரீமும் மஞ்சளாகத் தெரியும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அப்படியே அமுங்கிப் போகும். வெளியே நடுப்பகல் வெயில் சுமார் 5500 கெல்வின், மேகமூட்டமான பகல் 6500 பக்கம் வரும். அங்கே போய் நின்றதும் மறைந்திருந்த வித்தியாசம் எல்லாம் தெரிந்துவிடுகிறது. கெல்வின் எண் கூடக்கூட வெளிச்சம் நீலப் பக்கம் போகும், குறையக் குறைய மஞ்சள். பகலில் வெளியே போகிறவர் என்றால் 5000 கெல்வினை ஒட்டிய வெளிச்சம் உள்ள கண்ணாடியை எடுங்கள். மஞ்சள், இயல்பான வெள்ளை, நீல வெள்ளை என்று மூன்று நிறமும் மாற்றும் பட்டன் இருந்தால் இன்னும் நல்லது, இரவு விருந்துக்குப் போகும்போது மஞ்சளுக்கு மாற்றி ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.

நிறைய பேர் கெல்வினோடு நிறுத்திவிடுகிறார்கள். அதைவிட முக்கியம் சி.ஆர்.ஐ. என்ற எண். அந்த வெளிச்சத்தில் நிறங்கள் எவ்வளவு உண்மையாகத் தெரியும் என்பதற்கான மதிப்பெண் அது, அதிகபட்சம் 100. மேக்கப்புக்கு 90-க்குக் கீழே போக வேண்டாம். இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. அந்த மதிப்பெண் 8 மென்மையான நிறங்களை வைத்துப் போடும் சராசரி, அடர் சிவப்பு அந்த எட்டில் கிடையாது, அதற்கு ஆர் 9 என்று தனி எண். நம் தோலுக்குள் ஓடுவது ரத்தம். உதடு, கன்னம், பருத் தழும்பு எல்லாவற்றிலும் சிவப்புதான் இருக்கிறது. சிவப்பைச் சரியாகக் காட்டாத லைட்டில் முகம் சோர்ந்து, சாம்பல் பூத்த மாதிரி இருக்கும், நீங்களும் ப்ளஷ்ஷை மேலே மேலே போடுவீர்கள். எனக்கே நடந்திருக்கிறது. நீல வெளிச்சம் அடிக்கும் ஒரு கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, நிறம் ஏறவே இல்லையே என்று மூன்று தடவை பிரஷ்ஷை ஓட்டினேன், வெயிலில் வந்து பார்த்தால் இரண்டு கன்னத்திலும் திட்டுத் திட்டாகச் சிவப்பு. அன்றிலிருந்து பெட்டியில் சி.ஆர்.ஐ. எண் போடாத கண்ணாடியை நான் தொடுவதில்லை. ‘மிகப் பிரகாசமானது’ என்று எழுதியிருப்பதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது.

கடையில் நேரில் பார்க்க முடிந்தால் லைட்டைப் போட்டு உள்ளங்கையை அதன் முன்னால் நீட்டுங்கள், அப்புறம் வாசல் பக்கம் போய் பகல் வெளிச்சத்தில் அதே உள்ளங்கையைப் பாருங்கள். விரல் நுனியில் இருக்கும் இளஞ்சிவப்பு இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி தெரிந்தால் நல்ல லைட். கண்ணாடி லைட்டில் பழுப்படித்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

கேள்வி: சுற்றிலும் வளையமாக லைட், பின்பக்கம் சுவரில் ஒளிரும் லைட், மேலே மட்டும் லைட் என்று பல மாதிரி இருக்கிறது. எது நல்லது?

பதில்: உங்கள் முகத்தில் வந்து விழும் லைட்தான் வேண்டும். பின்பக்கம் ஒளிரும் கண்ணாடி பார்க்க அழகு, ஆனால் அது வெளிச்சம் போடுவது சுவருக்கு. மேலே மட்டும் லைட் இருந்தால் கண்ணுக்குக் கீழே, மூக்கடியில், தாடையடியில் நிழல் விழும். அந்த நிழலைக் கருவளையம் என்று நினைத்துக் கன்சீலர் அப்பிக்கொண்டே இருப்போம். இரண்டு பக்கமும் முக உயரத்தில் லைட், இல்லையென்றால் சுற்றிலும் வளையம், இந்த இரண்டில் ஒன்று போதும். பல்புகள் புள்ளி புள்ளியாகக் கண்ணில் குத்தாமல் பால் நிற மூடிக்குள் இருக்க வேண்டும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் வேண்டும். ஆனால் குறைத்து வைத்தால் சில கண்ணாடிகளில் லைட் துடிக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கொஞ்ச நேரத்தில் சிலருக்குத் தலை வலிக்கலாம். போன் கேமராவை அந்த லைட்டுக்கு நேரே பிடியுங்கள், திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் துடிக்கிறது என்று அர்த்தம்.

கேள்வி: எனக்கு வயது 52. மூக்குக் கண்ணாடியைக் கழற்றினால் ஐலைனர் போட முடியவில்லை, போட்டுக்கொண்டும் போட முடியாது. 10 மடங்கு பெரிதாகக் காட்டும் கண்ணாடி வாங்கலாமா?

பதில்: உங்களுக்கு உருப்பெருக்கும் கண்ணாடி கட்டாயம் உதவும், ஆனால் 10 மடங்கு வேண்டாம், 5 மடங்கு போதும். பெரிதாகக் காட்டுவதால் மட்டும் உதவுகிறது என்று நினைக்காதீர்கள், அதற்குள் இன்னொரு விஷயம் இருக்கிறது. சாதாரண கண்ணாடியை முகத்துக்கு 10 செ.மீ. தூரத்தில் வைத்தால் பிம்பம் உங்கள் கண்ணிலிருந்து 20 செ.மீ. தூரத்தில் இருக்கும். 40 வயதைத் தாண்டிய கண்ணுக்கு அவ்வளவு பக்கத்தில் இருப்பது பிடிபடாது. உருப்பெருக்கும் கண்ணாடி குழிந்த கண்ணாடி, அது அதே இடத்தில் இருந்து 5 மடங்கு பெரிதாகக் காட்டும்போது பிம்பம் சுமார் 60 செ.மீ. தள்ளிப் போய்விடுகிறது. அந்தத் தூரத்தில் கண்ணுக்குச் சிரமம் குறைவு. அதனால்தான் மூக்குக் கண்ணாடி இல்லாமலே இமை முடி தெரிகிறது.

இதே காரணத்தால் கிட்டப்பார்வைக்காரர்களுக்கு விஷயம் தலைகீழ். மைனஸ் 5 பவர் உள்ளவருக்கு மூக்குக் கண்ணாடி இல்லாமல் 20 செ.மீ. வரைதான் தெளிவு. 60 செ.மீ. தள்ளிப் போன பிம்பம் அவருக்குப் பெரிதாகத் தெரியும், மங்கலாகவும் தெரியும். பணம் கொடுத்து வாங்கிவிட்டு ‘ஒன்றுமே தெரியவில்லை’ என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். அவர்களுக்குச் சாதாரண சமதளக் கண்ணாடியைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொள்வதே சரி.

10 மடங்கு ஏன் வேண்டாம் என்றால், அதில் ஒரு கண் மட்டும்தான் தெரியும், தலையைக் கொஞ்சம் பின்னால் இழுத்தாலே பிம்பம் கலங்கிப்போகும். இரண்டு புருவத்தையும் சேர்த்துப் பார்க்காமல் ஒன்றை மட்டும் பிடுங்கிக்கொண்டே போனால் ஒன்று மெலிந்து ஒன்று தடித்து நிற்கும். ஒரு பக்கம் சமதளம், மறுபக்கம் 5 மடங்கு என்று திருப்பும் மாதிரி வாங்குங்கள், வரைவது ஒரு பக்கத்தில், சரிபார்ப்பது மறுபக்கத்தில். வெளிச்சத்தையும் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், 60 வயதுக் கண்ணின் உள்ளே போய்ச் சேரும் வெளிச்சம் 20 வயதில் போனதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான்.

கேள்வி: புதிதாக வாங்கிய கண்ணாடியில் மூக்கு மேல் கறுப்புப் புள்ளிகள் நிறையத் தெரிகின்றன. தினமும் அமுக்கி எடுக்கிறேன், திரும்ப வருகின்றன. இந்த எல்.இ.டி. வெளிச்சமே தோலைக் கெடுக்குமா என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: அமுக்குவதை இன்றோடு நிறுத்துங்கள், இதை அக்கறையோடு சொல்கிறேன். மூக்கில் வரிசையாக, ஒரே அளவில், சாம்பலும் மஞ்சளும் கலந்த மாதிரி இருக்கும் புள்ளிகள் பெரும்பாலும் பிளாக்ஹெட் இல்லை. துளை வழியாக எண்ணெய் மேலே வருவதற்கான இழைகள், செபேசியஸ் ஃபிலமென்ட் என்று பெயர், எல்லார் தோலிலும் இருக்கின்றன. அமுக்கினால் வெள்ளை நூல் மாதிரி ஒன்று வரும், சில வாரங்களில் மறுபடி நிரம்பும், ஏனென்றால் அது அங்கே இருக்க வேண்டியதுதான். நடுவில் நகம் பட்ட இடம் கறுத்துப் போகும். அந்தக் கறை போக மாதக்கணக்கில் ஆகும். சாலிசிலிக் ஆசிட் உள்ள ஃபேஸ்வாஷ் அவற்றைக் கொஞ்சம் மங்கலாக்கும், அது போதும். உங்களோடு பேசுகிறவர் யாரும் பெருக்கிக் காட்டும் கண்ணாடி வழியாக உங்களைப் பார்ப்பதில்லை. சீரம், மாய்ஸ்சரைசர் போட சமதளப் பக்கத்தைத் திருப்பி, ஒரு கை நீளம் தள்ளி உட்காருங்கள். பெருக்கும் பக்கம் முள் எடுக்க, புருவம் திருத்த மட்டும். கண்ணாடி முன்னால் உட்கார்ந்தால் கை தானாக மூக்குக்குப் போகிறது, நிறுத்த முடியவில்லை என்றால் தோல் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

வெள்ளை எல்.இ.டி.யில் புற ஊதாக் கதிர் இல்லை என்றே சொல்லலாம், அதற்காக சன்ஸ்கிரீன் போட வேண்டியதில்லை. அந்த வெளிச்சம் பருவைக் குணப்படுத்தவும் செய்யாது. மருத்துவச் சிகிச்சைக்கு இருக்கும் லைட் வேறு.

கேள்வி: குளியலறையில் வைக்கலாமா? சார்ஜ் செய்யும் மாதிரியா, வயர் மாதிரியா?

பதில்: தண்ணீர் தெறிக்கும் இடம் என்றால் பெட்டியில் ஐ.பி. 44 அல்லது அதற்கு மேல் போட்டிருக்க வேண்டும், தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தாங்கும் என்பதற்கான குறியீடு அது. ஒரே இடத்தில் வைக்கப் போகிறீர்கள் என்றால் வயர் மாதிரி, அங்கே இங்கே எடுத்துப் போவீர்கள் என்றால் யு.எஸ்.பி. சார்ஜ். பேட்டரி இறங்க இறங்க லைட் மங்கும், அதனால் மேக்கப் அன்று முன்னாலேயே சார்ஜ் போட்டுவிடுங்கள். துடைக்கும்போது திரவத்தைக் கண்ணாடி மேல் நேராக அடிக்காமல் துணியில் தெளித்துத் துடையுங்கள், ஓரம் வழியாக ஈரம் இறங்கினால் பின்பக்கப் பூச்சு கறுத்துவிடும்.

கேள்வி: நல்ல வெளிச்சம் வேண்டும் என்று ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். சரிதானே?

பதில்: பகல் வெளிச்சத்துக்கு ஈடு இல்லை, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து மேக்கப் போடுங்கள். ஆனால் பெருக்கும் கண்ணாடியை அங்கேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள். அது குழிந்த கண்ணாடி, வெயில் நேராக விழுந்தால் ஒரு புள்ளியில் குவிக்கும், திரைச்சீலை பற்றிக்கொள்ளும், வீடுகளே இப்படித் தீப்பிடித்திருக்கின்றன. என் மேஜையின் ஓரத்தில் ஒரு விரல் நீளத்துக்குக் கருகிய கோடு இருக்கிறது, சூரியன் நகர நகர அந்தப் புள்ளியும் நகர்ந்து போட்ட கோடு. காலையிலும் மாலையிலும் வெயில் சாய்வாக உள்ளே வரும்போதுதான் இது அதிகம் நடக்கும். வேலை முடிந்ததும் சமதளப் பக்கத்தை வெளியே திருப்பினால்கூடப் போதாது, பின்பக்கம் வெயில் படலாம். ஒரு துணியைப் போட்டு மூடி, அலமாரிக்குள் வையுங்கள்.