கார் ஓட்டுபவரின் முதல் பைக்

வணக்கம் சார்,

ஈரோட்டில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். வயது 41. பல வருடமாக கார் ஓட்டுகிறேன். சேலம், கோவை என்று தனியாகவே போய்வருவேன். ஆனால் டூவீலர் ஓட்டியதே இல்லை. சைக்கிள் மட்டும் பள்ளி நாட்களில் நன்றாக ஓட்டுவேன். பன்னீர்செல்வம் பார்க் பக்கம் போனால் கடையில் வேலை பத்து நிமிஷம், காரை நிறுத்த இடம் தேடுவது அரை மணி நேரம் என்று ஆகிவிட்டது. அதனால் 100 அல்லது 125 சிசியில் ஒரு சின்ன பைக் வாங்கலாம் என்று இருக்கிறேன். வீட்டில் எல்லோரும் ஸ்கூட்டர் போதுமே என்கிறார்கள். எனக்குக் கியர் வண்டிதான் வேண்டும், அது சின்ன வயது ஆசை.

போன வாரம் தம்பியின் வண்டியை எடுத்துப் பார்த்தேன். கிளட்சை விட்டதும் ஆஃப் ஆனது. மறுபடி விட்டேன், மறுபடி ஆஃப். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் அதிகமாகத் திருகியதும் பாய்ந்துவிட்டது. கீழே விழவில்லை, ஆனால் நன்றாகப் பயந்துவிட்டேன். இத்தனை வருடம் கிளட்ச் மிதித்தவளுக்கு இது ஏன் வரவில்லை? கார் லைசென்ஸ் இதற்குப் போதுமா? எங்கிருந்து ஆரம்பிப்பது? மகள் ஒன்பதாவது படிக்கிறாள். அவளைப் பின்னால் உட்கார வைத்து டியூஷனுக்குக் கூட்டிப்போக எவ்வளவு நாள் ஆகும்?

அன்புடன்,
ஆர்., ஈரோடு

அன்புள்ள ஆர்.,

ஆசைப்பட்டது கியர் வண்டி என்றால் கியர் வண்டியே வாங்குங்கள். 41 வயதில் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள அந்த ஆசைதான் கடைசிவரை துணை நிற்கும். வீட்டாரின் யோசனையிலும் தப்பில்லை, ஸ்கூட்டர் சுலபம்தான். ஆனால் கியர் வண்டி லைசென்ஸ் வாங்கிவிட்டால் அதை வைத்தே ஸ்கூட்டரும் ஓட்டலாம். ஸ்கூட்டர் லைசென்சை வைத்துக் கியர் வண்டி ஓட்ட முடியாது.

லைசென்ஸ் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். கார் லைசென்ஸ் போதாது. டூவீலர் தனி வகை. இருக்கிற லைசென்சிலேயே அந்த வகையைச் சேர்க்கச் சொல்லி விண்ணப்பித்து எல்எல்ஆர் வாங்க வேண்டும். அது 6 மாதம் செல்லும். வாங்கி 30 நாள் கழித்து ஆர்டிஓ ஆபீசில் எட்டு போட்டுக் காட்டினால் லைசென்சில் ஏற்றிவிடுவார்கள். எல்எல்ஆர் காலத்தில் முன்னும் பின்னும் எல் போர்டு வேண்டும். கற்றுக்கொடுப்பவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. எல்எல்ஆரும் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் அபராதம் 5,000 ரூபாய். அதைவிடப் பெரிய கஷ்டம், ஏதாவது நடந்துவிட்டால் இன்சூரன்ஸ் கைகொடுக்காது. தம்பியின் வண்டியை இனி தெருவில் எடுக்காதீர்கள். எல்எல்ஆர் கைக்கு வரட்டும்.

இப்போது அந்தக் கிளட்ச். உங்கள் கடிதத்திலேயே முக்கியமான கேள்வி அதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காரில் கிளட்சைப் பாதியில் வைத்து ஓட்டாதே என்றுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். காரின் கிளட்ச் தட்டு எண்ணெய் இல்லாமல் காய்ந்த நிலையில் உரசுவது. பாதியில் பிடித்துக்கொண்டே இருந்தால் சூடாகி, கருகிய வாடை வந்து, சீக்கிரம் தேய்ந்துபோகும். அதனால் வண்டி நகர்ந்ததும் காலை முழுசாக எடுத்துவிடுவோம். பல வருடப் பழக்கம் அது. பைக்கின் கிளட்ச் வேறு. அதில் சின்னச் சின்னத் தட்டுகள் பல, அடுக்காக இருக்கும். நம் ஊர்ச் சின்ன பைக்குகளில் அவை இன்ஜின் ஆயிலிலேயே நனைந்தபடி சுற்றுகின்றன. கொஞ்சம் நழுவவிட்டால் அதற்கு ஒன்றும் ஆகாது. நடை வேகத்தில் பைக்கை ஓட்டுவதே கிளட்சைப் பாதியில் வைத்துத்தான். நீங்கள் காரில் செய்கிற மாதிரி விட்டிருக்கிறீர்கள், அதுவும் பாதத்தைவிட வேகமாகத் திறந்துவிடுகிற விரல்களால். அதனால்தான் ஆஃப் ஆனது.

ஒரு காலி மைதானத்துக்குப் போங்கள். தம்பி பக்கத்தில் நடந்து வரட்டும். முதல் கியரைப் போட்டுவிட்டு ஆக்சிலேட்டரைத் தொடவே தொடாதீர்கள். இரண்டு காலும் தரையில் இருக்க, இடது கை விரல்களை மெல்ல மெல்லத் தளர்த்துங்கள். ஓர் இடத்தில் இன்ஜின் சத்தம் லேசாகத் தாழும், வண்டி முன்னால் போகப் பார்க்கும். அங்கேயே விரலை நிறுத்துங்கள். வண்டி தானாக ஓர் அடி நகரும். மறுபடி பிடியுங்கள், நிற்கும். இதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தால் அந்த இடம் எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகு ஆக்சிலேட்டரைக் கொஞ்சமாகக் கொடுத்து, கால்களை ஃபுட்ரெஸ்டில் வைத்து, நடப்பவர் கூடவே வரும் வேகத்தில் நேராகப் போங்கள். வலது காலால் பின் பிரேக்கை மெல்லத் தொட்டபடி போனால் வண்டி ஆடாது. பிரேக் பிடித்துக்கொண்டே ஆக்சிலேட்டர் கொடுப்பது கார்க்காரருக்குத் தப்பாகப் படும். இங்கே அது சரியான முறைதான்.

மெதுவாகப் போவதுதான் பைக்கில் கஷ்டம். வேகம் வந்துவிட்டால் வண்டி தானே நிமிர்ந்து நிற்கும், சைக்கிள் ஓட்டிய உங்களுக்கு அது தெரியும். அதனால்தான் ஆர்டிஓ ஆபீசில் எட்டு போடச் சொல்கிறார்கள். அதைச் சடங்காக நினைத்து, அன்று காலையில் மட்டும் பழகிவிட்டுப் போகிறவர்கள் நிறைய. நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். எட்டை இரண்டு பக்கமும் கால் ஊன்றாமல் நிதானமாகச் சுற்ற வந்துவிட்டால், கடைத்தெரு நெரிசலில் ஓட்டுவதில் பாதி வந்துவிட்டது என்று அர்த்தம். திரும்பும்போது கண் முன் சக்கரத்தில் இருக்கக் கூடாது, அடுத்து எங்கே போக வேண்டுமோ அங்கே இருக்க வேண்டும்.

அடுத்தது கால்கள். இதைப் பற்றி யாரும் கார் ஓட்டுபவர்களுக்குச் சொல்வதில்லை. காரில் திடீரென்று நிறுத்த வேண்டுமானால் என்ன செய்வீர்கள்? யோசிக்கவே மாட்டீர்கள், இரண்டு காலும் ஒன்றாக இறங்கும். வலது கால் பிரேக்கில், இடது கால் கிளட்சில். பைக்கில் அதே வேகத்தில் இரண்டு காலையும் அழுத்தினால் வலது கால் பின் பிரேக்கை மட்டும் இறுக்கும். இடது கால் கியரை மாற்றிவிடும், வண்டியைப் பொறுத்துக் கூடலாம், குறையலாம். முன் பிரேக்கில் கை போயிருக்கவே போயிருக்காது. நிறுத்தும்போது பாரமெல்லாம் முன் சக்கரத்துக்குப் போய்விடும். லேசாகிவிட்ட பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். நன்றாக நிற்க முன் பிரேக் வேண்டும். கபக்கென்று பிடிக்காமல், விரல்களால் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும், பின் பிரேக்கும் சேர்ந்து. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். அதற்குக் கீழே உள்ளவற்றில் பெரும்பாலும் பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து கொஞ்சம் பிடிக்கும் ஏற்பாடு இருக்கிறது. அது உதவிதான், கைக்கு மாற்று இல்லை. மைதானத்திலேயே 20, 30 கிலோமீட்டர் வேகத்தில் போய்ப் போய் நிறுத்திப் பழகுங்கள். கார் ஓட்டாத ஒருவரைவிட உங்களுக்கு இந்தப் பயிற்சி அதிகம் தேவை. மாற்ற வேண்டிய பழக்கம் உங்களிடம்தான் இருக்கிறது.

கியர் விஷயத்திலும் ஒன்று. காரில் நான்காவதில் வந்து நின்றாலும் கிளட்சை மிதித்து நேராக நியூட்ரலுக்குக் கொண்டுவரலாம். பைக்கில் படிப்படியாகத்தான் இறங்க முடியும், அதுவும் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே இறங்கிவிட வேண்டும். நின்றபின் தட்டினால் பல சமயம் விழாது. சிக்னலில் நான்காவது கியரோடு நின்றுவிட்டுப் பின்னால் ஹாரன் கேட்கத் திணறுபவர்கள் பெரும்பாலும் கார் பழகிய கைகள்தான். கியர் மாறும் திசையும் எல்லா வண்டியிலும் ஒன்றல்ல. 100 சிசி வண்டிகள் பலவற்றில் நான்கு கியரும் ஒரே பக்கம், ஐந்து கியர் வண்டிகளில் பெரும்பாலும் முதல் கியர் கீழே, மற்றவை மேலே. எந்த வண்டி வாங்கப் போகிறீர்களோ அதே மாதிரி வண்டியில் பழகுவது நல்லது.

அப்புறம் இண்டிகேட்டர். ஸ்டியரிங்கைத் திருப்பியதும் காரில் அதுவாக அணைந்துவிடும். பெரும்பாலான பைக்குகளில் நீங்கள்தான் அணைக்க வேண்டும். வலது இண்டிகேட்டர் எரிய எரிய நேராகப் போகிறவரை நம்பி எதிரே வருபவர் திரும்பிவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முகப்பு விளக்கு 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் எப்போதும் எரியும்படிதான் இருக்கிறது. எதிரே வருபவர்கள் விரலை மூடித் திறந்து 'லைட் எரிகிறது' என்று காட்டினால் பதற வேண்டாம்.

ரோட்டைப் பொறுத்தவரை உங்களுக்கு இருக்கும் அனுகூலம் பெரியது. கண்ணாடியில் எந்த இடம் தெரியாது, முன் தூணுக்குப் பின்னால் ஒரு பைக் எப்படி மறைந்துபோகும், நிறுத்திய காரின் கதவு எப்போது திறக்கும் என்பதையெல்லாம் உள்ளே உட்கார்ந்து பார்த்தவர் நீங்கள். இனி அந்த இடங்களில் நீங்கள் இருக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பஸ்ஸின் இடது பக்கம் நுழையவே வேண்டாம், ஸ்டாப் வந்தால் அது ஒதுங்கும். காருக்கு நீங்கள் கொடுத்து வந்த இடைவெளியை பைக்கிலும் கொடுங்கள், சின்ன வண்டி என்பதற்காகச் சந்தில் நுழையாதீர்கள். தரையைப் பார்க்கும் பழக்கம் மட்டும் புதிதாக வர வேண்டும். திருப்பத்தில் சிதறிக் கிடக்கும் மணல், லாரி சிந்திய டீசல், முதல் மழையில் எண்ணெய் மிதக்கும் தார், ஈரமான வெள்ளைக் கோடு, பாதாளச் சாக்கடையின் இரும்பு மூடி எல்லாம் காரில் உங்களுக்குத் தெரியாமலே கடந்து போனவை. பைக்கில் இவற்றின் மேல் சாயவும் கூடாது, பிரேக் பிடிக்கவும் கூடாது.

ஹெல்மெட். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5 சதவீதம் டூவீலரில் போனவர்கள். ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர் என்கிறது மத்திய போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. வண்டிக்கு முன்னால் வாங்க வேண்டியது இதுதான் என்பதற்காகச் சொல்கிறேன். ஐஎஸ்ஐ முத்திரை உள்ள, முகம் முழுக்க மூடுவதை வாங்குங்கள். கடையில் போட்டுப் பார்க்கும்போது கன்னம் இரண்டும் நன்றாக அழுந்த வேண்டும். பட்டையை மாட்டிவிட்டுப் பின்பக்கத்திலிருந்து மேலே தூக்கிப் பாருங்கள், கழன்று வந்தால் அந்த அளவு வேண்டாம். மைதானத்தில் பழகும்போதும் தலையில் இருக்கட்டும். பாதம் மூடிய ஷூ வேண்டும், செருப்போடு கியர் தட்டாதீர்கள். துப்பட்டாவைக் கழற்றிப் பையில் வைத்துவிடுங்கள், கட்டிக்கொள்வது போதாது.

வண்டி எது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். எடையைப் பாருங்கள். ஸ்பிளெண்டர் பிளஸ் 112 கிலோ. புல்லட் 350 கிட்டத்தட்ட 195 கிலோ. சாயும்போது காலால் தாங்கிப் பிடிக்கக்கூடிய வண்டி முதலாவதுதான். ஷோரூமில் உட்கார்ந்து இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிகிறதா பாருங்கள். இறங்கி நின்று பின்னால் தள்ளிப் பாருங்கள். சென்டர் ஸ்டாண்டு போடச் சொல்லிக் கேளுங்கள். கையால் தூக்க வேண்டியதே இல்லை, ஸ்டாண்டின் இரண்டு காலும் தரையைத் தொடும்படி நிமிர்த்திவிட்டு உடம்பின் பாரத்தை வலது காலில் இறக்கினால் வண்டி தானே பின்னால் ஏறி உட்காரும். இது மூன்றும் உங்களால் முடிந்தால் அது உங்கள் வண்டி. பழைய வண்டி ஒன்றை வாங்கிப் பழகிவிட்டு ஒரு வருடம் கழித்துப் புதிது வாங்கினாலும் நல்லதே. எதுவானாலும் லெக் கார்டு போட்டுவிடுங்கள்.

புது வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஐந்து வருடத்துக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். ஓனர்-டிரைவருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு கார் பாலிசியில் உங்கள் பெயரில் ஏற்கெனவே இருந்தால், பைக்குக்கு மறுபடி எடுக்க வேண்டியதில்லை. பில் போடும்போதே அதைச் சொல்லிவிடுங்கள்.

மகளைப் பற்றிக் கேட்டீர்கள். நாள் கணக்கு சொல்ல மாட்டேன். பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் வண்டி நிற்கும் தூரம் கூடும், மெதுவாகப் போகும்போது ஆடும், கிளட்சை விடும் அளவும் மாறும். அதனால் முதலில் தம்பியைப் பின்னால் ஏற்றி அதே மைதானத்தில் எட்டு போடுங்கள். பெருந்துறை ரோட்டில் காலை நேரத்து நெரிசலில் தனியாகப் போய், கியரைப் பற்றி ஒருமுறைகூட யோசிக்காமல் வீடு வந்து சேர்ந்த பிறகு மகளை ஏற்றலாம். அவளுக்கும் அளவான ஹெல்மெட் ஒன்று இப்போதே வாங்கிவிடுங்கள்.

எல்எல்ஆர் வந்ததும் எழுதுங்கள். எட்டில் எந்தப் பக்கம் திரும்புவது கஷ்டமாக இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அதற்குத் தனியாகச் சொல்ல இருக்கிறது.