செக் என்ஜின் விளக்கு எரிந்தால்: ஃபால்ட் கோட் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ஸ்கேனரில் பி0302 என்ற ஃபால்ட் கோட் (பழுதைக் குறிக்கும் எண்) காட்டுகிறது. பிளக், அதற்குக் கரண்ட் தரும் காயில் எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றிவிடட்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள் தம்பி. கடைசியில் இருக்கும் 2, இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை என்கிறது. ஏன் என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். சிலிண்டருக்கு ஒரு காயில் இருக்கும் வண்டி என்றால் வழி சுலபம். என்ஜின் ஆறியபின் இரண்டாவது காயிலையும் மூன்றாவது காயிலையும் இடம் மாற்றிப் போடுங்கள். ஸ்கேனரில் அந்தக் கோட் பதிவை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பி0303 வந்தால் காயில்தான் கெட்டிருக்கிறது. பி0302 அப்படியே நின்றால் பிளக்கையும் இதேபோல் மாற்றிப் பாருங்கள். அதற்கும் அசையவில்லையா, பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரைப் பாருங்கள், அப்புறம் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம்).

காயிலைக் கழற்றும்போது பிளக் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஆயில் தேங்கியிருந்தால் வால்வ் கவர் கேஸ்கட் கசிகிறது. அதை விட்டுவிட்டுப் புதுக் காயில் போட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும்.

கேள்வி: விளக்கு விட்டுவிட்டு மின்னுகிறது. வீடு வரை ஓட்டிப் போகலாமா சார்?

பதில்: வேண்டாம். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டுங்கள். மின்னினால் கடுமையான மிஸ்ஃபயர். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும், அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் செராமிக் உருகிவிடும்.

கேள்வி: பி0171 வந்தது. ஆக்ஸிஜன் சென்சர் மாற்றினேன். மூன்றாம் நாள் திரும்பவும் அதே கோட். புது சென்சரும் பழுதா?

பதில்: பழைய சென்சரே நன்றாகத்தான் வேலை செய்திருக்கும். பெட்ரோலுக்குக் காற்று அதிகமாக இருக்கிறது என்று அது சரியாகச் சொன்னது, பாவம் அதையே கழற்றிப் போட்டுவிட்டோம். இந்தத் தப்பு அடிக்கடி நடப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் ஃபியூல் ட்ரிம் பாருங்கள், அதாவது வண்டியின் கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு. ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) 20 சதவீதத்துக்கு மேல் ஏறி, 2500 ஆர்பிஎம்மில் பூஜ்யத்தை ஒட்டி இறங்கினால் எங்கோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது. ஆர்பிஎம் ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் பெட்ரோல் போதவில்லை, அல்லது உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சரில் அழுக்கு. பம்ப் பிரஷர், ஃபில்டர் பக்கம் போங்கள்.

காற்றுக் கசிவைக் கண்ணால் மட்டும் தேடினால் ஏமாந்துபோவோம். ஒரு வண்டியில் அரை நாள் தேடினேன். வால்வ் கவரிலிருந்து மேனிஃபோல்டுக்கு (என்ஜினுக்குள் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்) போகும் ஹோஸ் மேலே பளபளவென்று இருந்தது. விரலால் வளைத்தபோதுதான் அடிப்பக்கத்தில் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு வாய் திறந்தது. ஒவ்வொரு ஹோஸையும் வளைத்துப் பாருங்கள்.

கேள்வி: பி0420 என்றால் கன்வெர்ட்டர் போச்சு, அப்படித்தானே?

பதில்: விலை உயர்ந்த பாகம், கடைசியில்தான் கை வைக்க வேண்டும். என்ஜின் நன்றாகச் சூடானபின், கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் இருக்கும் இரண்டு ஆக்ஸிஜன் சென்சர்களின் கிராஃபையும் பாருங்கள். சாதாரண வகை என்றால் முன்னால் இருப்பது 0.1-க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஆடிக்கொண்டே இருக்கும். பின்னால் இருப்பது 0.6, 0.7 பக்கம் அமைதியாக நிற்க வேண்டும். அதுவும் சேர்ந்து ஆடினால், எக்ஸாஸ்டில் கசிவு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பிறகு கன்வெர்ட்டரைச் சந்தேகப்படுங்கள். மிஸ்ஃபயரோ ஆயில் எரிவதோ இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

கேள்வி: ஒரே நேரத்தில் ஏழெட்டு கோட். எதிலிருந்து ஆரம்பிப்பது?

பதில்: பேட்டரியிலிருந்து. ஓடாமல் நிற்கும்போது 12.6 வோல்ட் பக்கம், என்ஜின் ஓடும்போது சுமார் 14 இருக்கிறதா பாருங்கள். அப்புறம் எர்த் ஒயர்கள்.

கேள்வி: கோட் பதிவை அழித்தால் பிரச்சினை தீருமா?

பதில்: விளக்குதான் அணையும். கோட் விழுந்த நொடியில் என்ன வேகம், எவ்வளவு சூடு, எவ்வளவு லோடு என்று ஃப்ரீஸ் ஃப்ரேமில் பதிந்திருக்கும். அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். திரையை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு அழியுங்கள்.