தொப்பூர் ஏற்றத்தில் நின்ற ஃபியட்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பழைய கார்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைப் படித்துப் படித்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. போன மாதம் சேலத்தில், எல்லாரும் ஃபியட் என்று சொல்லும் 1978 மாடல் பிரீமியர் பத்மினி ஒன்று வாங்கினேன். இதுதான் என் முதல் கார். பாலக்கோட்டுக்கு ஓட்டி வரும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் திணறித் திணறி நின்றுவிட்டது. அரை மணி நேரம் ஓரமாகப் போட்டிருந்தேன். அப்புறம் ஒன்றும் நடக்காததுபோலக் கிளம்பி வீடு வந்து சேர்ந்தது. கேட்டவர்கள் எல்லாரும், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில் கோளாறு என்கிறார்கள். வீடியோ பார்த்து நானே கழற்றிச் சுத்தம் செய்யலாமா? பராமரிப்பை எதிலிருந்து கற்க ஆரம்பிப்பது? என்ன டூல் வாங்குவது? இதை விண்டேஜ் கார் என்று பதிவு செய்ய முடியுமா?

கா., பாலக்கோடு

அன்புள்ள கா.,

கார்புரேட்டரைத் தொடாதீர்கள். பழைய வண்டி திணறினால் முதல் பழி அதன் மேல்தான் விழும். கழற்றுவது எளிது என்பதால் வீடியோக்களும் அதைத்தான் காட்டுகின்றன. உள்ளே பெட்ரோலை அளந்து விடும் குண்டூசித் துளை அளவு ஜெட்டுகள், மெல்லிய கேஸ்கெட்டுகள், சின்ன ஸ்பிரிங்குகள். ஒன்று தொலைந்தாலும் வண்டி மாதக்கணக்கில் நிற்கும். ஜெட்டில் அடைத்த தூசி அரை மணி நேர ஓய்வில் தானாக விலகுவதும் அபூர்வம். சூடானால் நின்று, ஆறினால் கிளம்புகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில்தான் விஷயம் இருக்கிறது.

சூட்டில் தகராறு செய்யக்கூடியவை முக்கியமாக மூன்று. ஒன்று கண்டென்சர், பொறி உண்டாக்கும் சுற்றில் இருக்கும் சின்ன மின்தேக்கி. இன்னொன்று இக்னிஷன் காயில், பேட்டரி மின்சாரத்தைப் பொறி பாயும் அளவுக்கு உயர்த்துவது. இவை இரண்டுக்கும் உள்ளே இருக்கும் இன்சுலேஷன் தளர்ந்திருந்தால், சூடேறும்போது நெருப்புப் பொறி மெலிந்து நின்றுபோகும். ஆறியதும் திரும்ப வரும். மூன்றாவது வேப்பர் லாக். இந்த வண்டியில் பெட்ரோல் பம்ப் எஞ்சின்மேலேயே உட்கார்ந்திருக்கிறது. ஏற்றத்தில் சின்ன கியரில் மெதுவாக ஏறும்போது அந்தச் சூட்டில் பெட்ரோல் ஆவியாகிவிடும். ஆவியைத் தள்ள அந்தப் பம்பால் முடியாது.

மறுபடி நின்றால் இப்படிப் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு பிளக்குக்கும் பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி நடுவிலிருக்கும் தடித்த வயரை உருவி, காய்ந்த, பிடியில் ரப்பர் போட்ட கட்டிங் பிளேயரால் பிடித்து, எஞ்சின் இரும்புக்குச் சற்றுத் தள்ளி நிறுத்துங்கள். இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அக்கம்பக்கத்தில் பெட்ரோல் கசிவு இருந்தால் இதைச் செய்யவே வேண்டாம். பொறி நீலமாக, சடசடவென்று பாய்ந்தால் மின்சாரப் பக்கம் நல்லபடி இருக்கிறது. பம்பின்மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருங்கள். மஞ்சளாக, மெலிந்து வந்தால் அல்லது வரவே இல்லை என்றால் கண்டென்சர், காயில், பாயிண்ட் (காயிலுக்குப் போகும் மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் இரண்டு முனைகள்) என்ற வரிசையில் பாருங்கள். கண்டென்சர் விலை குறைந்த சாமான். சந்தேகம் வந்தாலே மாற்றிவிடலாம்.

நீங்கள் கையால் கற்க வேண்டிய முதல் எஞ்சின் வேலை இந்தப் பாயிண்ட்தான். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் இரண்டு கிளிப்பையும் தட்டி எடுத்து, ரோட்டரை உருவினால் அடியில் தெரியும். இரண்டு முனைகளையும் விரலால் பிரித்து டார்ச் அடித்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் சமமாக இருந்தால் சரி. ஒன்றில் குழியும் எதிரில் இருப்பதில் சின்னக் கூம்பும் இருந்தால், ஒரு முனையிலிருந்து உலோகம் கிளம்பி மற்றதில் ஒட்டுகிறது என்று பொருள். அங்கேயும் கண்டென்சர்மேல்தான் சந்தேகம் போக வேண்டும். பாயிண்டைப் புதிதாகப் போட்டு, அதைத் தள்ளித் திறக்கும் மேடுள்ள தண்டான கேமின் உச்சியில் அதன் குதிகால் நிற்கும்போது, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டு இடைவெளி வையுங்கள். அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். சரியான அளவை வண்டியின் கையேட்டில் பாருங்கள். திருகை இறுக்கும்போது இடைவெளி நகரும், அதனால் இறுக்கிய பிறகு இன்னொரு தடவை அளக்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். இடைவெளி மாறினால் பொறி பாயும் நேரமான டைமிங்கும் மாறும். அதை மட்டும் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

இவ்வளவும் சொன்னாலும், எஞ்சினுக்கு முன்னால் பிரேக். நின்றுபோன வண்டியால் வருவது அலைச்சல் மட்டும்தான். பத்மினியில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். பழைய வண்டிகள் பலவற்றில் பிரேக் ஆயில் ஒரே சுற்றாக ஓடும், ஒரு வீல் சிலிண்டர் கசிந்தாலும் மொத்தப் பிரேக்கும் போகும். வாரம் ஒருமுறை ஆயில் அளவைப் பாருங்கள். இறங்கியிருந்தால் ஊற்றிவிட்டு மறந்துவிடாமல், ஒவ்வொரு சக்கரத்தின் உள்பக்கமும் ஈரம் இருக்கிறதா என்று தேடுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்ற வேண்டும். எஞ்சின் ஆயிலை ஒரு துளிகூட அதில் விடக்கூடாது, ரப்பர் எல்லாம் உப்பிவிடும். பழைய வண்டி என்றால் ஹோஸ்களையும் சேர்த்து மாற்றுவது நல்லது. வண்டிக்கு அடியில் போகும்போது ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள்.

நீங்கள் சேலம் போகும்போது இதே தொப்பூரில் இறங்க வேண்டும். மேலேயே இரண்டாம் கியருக்கு வந்துவிடுங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குகிறவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அப்படி இறங்கினால் முழுச் சுமையும் பிரேக்கின்மேல் விழும். டிரம் சூடேறிப்போனால் பெடலை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி பிடிக்காது.

அடுத்தது தண்ணீர். நம் தருமபுரி மாவட்டத்து போர் தண்ணீரை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதிலிருக்கும் ஃப்ளோரைடுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ரேடியேட்டரைக் கெடுப்பது ஃப்ளோரைடு அல்ல, உப்பு. வீட்டில் ஹீட்டர் ராடில் ஏறும் அதே வெள்ளைப் பொருக்கு ரேடியேட்டர் குழாய்களிலும் ஏறும். ஏற்றத்தில் எஞ்சின் கொதிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும், மூடியைத் திறந்து வாய்ப்பகுதியை விரலால் தடவுங்கள். பொருக்கு கையில் வந்தால் பட்டறையில் கொடுத்துக் கழுவிவிட்டு, டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் கலந்து ஊற்றுங்கள். ஃபேன் பெல்ட்டையும் அப்போதே பார்த்துவிடலாம்.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 1978 ரப்பருக்கு அது ஆகாது. பெட்ரோல் ஹோஸ்களையும் பம்புக்குள் இருக்கும் சவ்வான டயாஃப்ரமையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுங்கள். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திப் போடாதீர்கள், டேங்கில் துரு பிடிக்கும்.

டூல் செட் விஷயத்தில் அவசரம் வேண்டாம். ஃபியட் வழி வந்த வண்டி, நட்டெல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. பழைய அம்பாசிடர்காரர் யாராவது அங்குல செட்டை மலிவாகக் கொடுத்தால் நன்றி சொல்லித் திருப்பிவிடுங்கள். நல்ல ஸ்பேனர் செட், ஃபீலர் கேஜ், கிரீஸ் கன், ஒரு மூட்டை பனியன் வேஸ்ட். இது போதும். சாமான்களுக்குப் பெங்களூர் ஜே.சி. ரோடு உங்களுக்குப் பக்கம்.

விண்டேஜ் பதிவு? 2021இல் வந்த விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு 2028இல்தான் அந்தப் பேச்சே. தகுதி வந்தாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தப் பதிவில் வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது என்று அவ்வளவுதான். நீங்களோ ஓட்ட ஆசைப்பட்டு வாங்கியவர். இருக்கிற ஆர்.சி.யை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போங்கள்.

கண்டென்சரையும் பாயிண்டையும் மாற்றிய கையோடு தொப்பூருக்குக் கிளம்பிவிடாதீர்கள். மாரண்டஅள்ளி வழியாக ராயக்கோட்டை வரை ஒரு மத்தியான வெயிலில் போய் வாருங்கள். திணறுகிறதா, எந்த இடத்தில் என்று எழுதுங்கள். பழைய பாயிண்டைத் தூக்கிப் போடாமல் கிட்டத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன்.