வாசகர் கேள்வி பதில்: வேலிக்குள் ஓர் எல்லைக் கல்

கேள்வி: வர்ஜீனியாவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, நடைபாதை ஓரம் இரும்பு வேலிக்குள் ஒரு பழைய கல்லைப் பார்த்தேன். வேலியில் ‘டாட்டர்ஸ் ஆஃப் தி அமெரிக்கன் ரெவல்யூஷன்’ என்று இருந்தது. யார் இந்த மகள்கள்?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: நீங்கள் பார்த்தது அமெரிக்கத் தலைநகரின் எல்லைக் கல் அம்மா. 1791, 92-இல் பத்து மைல் சதுரத்தைச் சுற்றி, மைலுக்கு ஒன்றாக 40 கற்கள் நட்டார்கள். ஒரு முகத்தில் ‘ஜூரிஸ்டிக்‌ஷன் ஆஃப் தி யுனைடெட் ஸ்டேட்ஸ்’, எதிர் முகத்தில் மாநிலத்தின் பெயர், மற்ற இரண்டில் வருஷமும், அந்த இடத்தில் காந்த ஊசி உண்மையான வடக்கிலிருந்து எத்தனை பாகை விலகி நின்றது என்ற கணக்கும். நூறு வருஷத்துக்கு மேல் கேட்பாரற்றுக் கிடந்த அவற்றை 1915-இல் நீங்கள் கேட்ட ‘மகள்கள்’, அதாவது அமெரிக்கச் சுதந்திரப் போருக்கு உதவியவர்களின் பெண் வாரிசுகள் நடத்தும் சங்கத்தின் உள்ளூர்க் கிளைகள்தான் ஆளுக்கொரு கல்லாக ஏற்றுக்கொண்டு வேலி போட்டன. எனக்கு அந்த வேலிகள் மேல் பெரிய மரியாதை உண்டு.

சங்கம் பிறந்ததே ஒரு கோபத்தில்தான். சுதந்திரப் போரில் பங்கெடுத்தவர்களின் ஆண் வாரிசுகள் நடத்திய சங்கம், 1890-இல், பெண்களைச் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்தது. எழுத்தாளர் மேரி ஸ்மித் லாக்வுட் விடவில்லை; அந்தப் போரில் பெண்களுக்கும் பங்குண்டு என்று காட்ட, ‘வாஷிங்டன் போஸ்ட்’ பத்திரிகையில் ஹன்னா ஆர்னெட்டின் கதையை எழுதினார். 1776-இல் நியூஜெர்சியில் கணவரும் நண்பர்களும் பிரிட்டிஷ்காரர்களின் மன்னிப்பை ஏற்றுப் பணிந்துவிடலாமா என்று பேசிக்கொண்டிருந்த அறைக்குள் நுழைந்து, அவர்களைக் கடிந்து மனம் மாற்றியவர் என்று சொல்லப்படும் பெண் அவர். 1890 அக்டோபர் 11 அன்று பெண்களின் சங்கம் தொடங்கியது, அடுத்த மார்ச்சில் சிகாகோவில் முதல் கிளை.

கேள்வி: கறுப்பினப் பெண்களுக்கு அந்தச் சங்கத்தில் இடமில்லை என்கிறார்களே?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: நீண்ட காலம் அப்படித்தான் இருந்தது, அதை மறைத்து இந்தச் சங்கத்தின் கதையைச் சொல்லக்கூடாது. 1939-இல் கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சனுக்குத் தங்கள் அரங்கத்தைத் தர மறுத்தார்கள். உறுப்பினராக இருந்த அதிபரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் ராஜினாமா செய்தார். ஆண்டர்சன் ஈஸ்டர் ஞாயிறு அன்று லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று பாட, 75,000 பேர் திரண்டார்கள்.

வெளியில் அதிகம் தெரியாத சங்கதி உள்ளூர்க் கிளைகளின் கையில் இருந்த அதிகாரம். வம்சாவளிக்கு எத்தனை ஆதாரம் வைத்திருந்தாலும், கிளை உறுப்பினர்கள் சிபாரிசு செய்யாவிட்டால் கதவு திறக்காது. 1977-இல் மிச்சிகனின் எஸ்ரா பார்க்கர் கிளை கேரன் ஃபார்மரைச் சேர்த்துக்கொண்டது. தெரிந்தவரை முதல் கறுப்பின உறுப்பினர் அவர்தான். அப்புறமும் தலைநகரிலேயே லீனா ஃபெர்கூசனைக் கிளையில் சேர்க்காமல் இழுத்தடித்தார்கள். அவர் பின்வாங்காமல் போராடியதால் 1984-இல் இனப் பாகுபாட்டைத் தடுக்கும்படி விதியையே திருத்த வேண்டி வந்தது. போரில் பங்கெடுத்த கறுப்பினத்தவர், செவ்விந்தியர் பெயர்களைத் தேடித் தொகுக்கும் வேலையும் நடந்து, 2008-இல் 6,600-க்கு மேற்பட்ட பெயர்களோடு நூலாக வந்தது. ஆண்கள் கதவைச் சாத்தினார்கள் என்று கோபப்பட்டுத் தொடங்கிய சங்கம், இதை இவ்வளவு தாமதமாகச் செய்தது எனக்கு இன்னும் வலிக்கிறது.

கேள்வி: அங்கே குடியேறிய நம் பெண்கள் சேரலாமா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: குடியுரிமை மட்டும் போதாது. போருக்கு உதவிய ஒருவரின் நேர் வாரிசு என்று தலைமுறை தலைமுறையாக ஆதாரம் காட்ட வேண்டும். ஆனால் வாஷிங்டனில் உள்ள அவர்களின் வம்சாவளி நூலகத்துக்கு யார் வேண்டுமானாலும் போகலாம்.