இயற்பியல் படித்துவிட்டு ஆபரேஷன்ஸ் ரிசர்ச்சில் பிஎச்.டி. செய்ய முடியுமா?

தாராளமாக. எதை, எவ்வளவு, எப்போது செய்வது நல்லது என்று கணக்குப் போட்டு முடிவெடுக்கும் இந்தத் துறையில் முதல் பிஎச்.டி. வாங்கியவராகச் சொல்லப்படும் ஜான் லிட்டில்கூட அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தவர்தான். அவருடைய வழிகாட்டி பிலிப் மோர்ஸும் இயற்பியலாளர். 1955-இல் லிட்டில் முடித்த ஆய்வு வட அமெரிக்காவின் கொலம்பியா நதியின் நீர்மின் அணைகளைப் பற்றியது: இனி எவ்வளவு தண்ணீர் வரும் என்று தெரியாதபோது, இன்று எவ்வளவு திறந்துவிடுவது, எவ்வளவு தேக்கிவைப்பது?

1961-இல் அவர் நிறுவியதுதான் 'லிட்டில் விதி': ஆட்கள் வரும் வேகத்தை ஒருவர் சராசரியாக இருக்கும் நேரத்தால் பெருக்கினால், உள்ளே இருப்பவர்களின் சராசரி எண்ணிக்கை கிடைக்கும். ஒரு கடைக்கு மணிக்கு 30 பேர் வந்து, ஆளுக்குச் சராசரியாக 10 நிமிடம் இருந்தால், உள்ளே சராசரியாக 5 பேர் இருப்பார்கள். அப்புறம் மனிதர் மார்க்கெட்டிங் ஆய்வுப் பக்கம் போய்விட்டார்!

இப்போதும் கணிதம், கணினி, இயந்திரவியல், பொருளாதாரம் என்று எல்லாப் பக்கமிருந்தும் வருகிறார்கள். நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, கொஞ்சம் நிரல் எழுதும் பழக்கம் கைவசம் இருக்கட்டும். நிகழ்தகவில் தடுமாறுகிறவர்களுக்குத்தான் முதல் வருடம் நாக்குத் தள்ளும்.