கோடு விழுவதற்குப் பார்லோ மருந்தல்ல

கேள்வி: 70 மி.மீ. விட்டமும் 700 மி.மீ. குவியத்தூரமும் உள்ள தொலைநோக்கி வாங்கியிருக்கிறேன். கேனன் 1500டி கேமராவை டி-ரிங் போட்டு மாட்டி ஓரியன் நெபுலாவை (ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தில் ஒளிரும் வாயு மேகம்) எடுத்தால் நட்சத்திரங்கள் கோடு கோடாக விழுகின்றன. பிம்பத்தை 3 மடங்கு பெரிதாக்கும் பார்லோ லென்ஸும், தொலைநோக்கியைத் தாங்கி வானத்தோடு சேர்த்துத் திருப்பும் மோட்டார் வைத்த மவுண்டும் வாங்கினால் சரியாகிவிடும், 45 ஆயிரம் ரூபாய் ஆகும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? – வாசகர், மணப்பாறை

பதில்: இப்போது எதையும் வாங்காதீர்கள். பார்லோ எப்போதுமே வேண்டாம்.

பூமி சுழல்வதால் வானம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. உங்கள் தொலைநோக்கியும் கேமராவும் சேர்ந்தால் ஒரே விநாடியில் நட்சத்திரம் சுமார் 14 பிக்சல் தள்ளிப் போய்விடும். நெபுலாவோ மங்கல், ஒரு விநாடி வெளிச்சம் அதற்குக் காணாது. பத்து விநாடி திறந்து வைத்தால் கோடுதான் விழும். பார்லோ போட்டால் அந்தக் கோடு மூன்று மடங்கு நீளும், வெளிச்சம் ஒன்பதில் ஒரு பங்காகக் குறையும். கடைக்காரருக்கு இது தெரியாமல் இருக்காது.

உங்கள் பெட்டி மேல் ‘525 மடங்கு’ என்று போட்டிருந்தால் அது வந்த வழியைச் சொல்கிறேன். 700ஐ 4 மி.மீ. ஐபீஸால் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) வகுத்து, பார்லோவின் 3ஆல் பெருக்கியிருக்கிறார்கள். கணக்கு சரி, சரக்குதான் பொய். 70 மி.மீ. கண்ணாடி உருப்படியாகக் காட்டுவது 140 மடங்கு வரைதான்; அதற்கு மேல் பெரிதாகும், தெளிவாகாது. பெட்டியில் அதிகபட்ச விலையை அச்சிடவில்லை என்றால் சட்டம் கேட்கும். இந்த எண்ணைப் போட்டுப் பள்ளிப் பிள்ளைகளின் தலையில் கட்டுவதைக் கேட்க நாதியில்லை. அதே பெட்டியில் ஐபீஸில் திருகும் கறுப்பு ‘சன் ஃபில்டர்’ இருந்தால் இன்றே உடைத்துப் போடுங்கள். வெயில் குவியும் இடத்தில் இருப்பதால் சூட்டில் விரிசல் விடும், கண் போய்விடும்.

சரி, என்ன செய்வது? தொலைநோக்கியைக் கழற்றிவிட்டு, கேமராவோடு வந்த 18-55 லென்ஸை மாட்டிச் சாதாரண போட்டோ டிரைபாடில் வையுங்கள். மார்கழி, தை மாதங்களில் அமாவாசையை ஒட்டி ஊருக்கு வெளியே போய்விடுங்கள். ஊருக்குள் எல்.இ.டி. தெருவிளக்கைப் பாதி வானத்துக்கும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறார்கள். அங்கே முயன்று மனசு விட்டுப் போக வேண்டாம். லென்ஸை 55இல் வைத்து, ஐஎஸ்ஓ 3200, ஒரு படத்துக்கு 3 விநாடி. ஃபோகஸைத் தானியங்கியில் விடாமல், லைவ் வியூவில் சிரியஸ் என்ற பிரகாசமான நட்சத்திரத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கி, அது ஊசிமுனைப் புள்ளியாகும் வரை கையால் திருப்புங்கள். 2 விநாடி டைமர் போட்டு 200 படம், ரா வடிவில். நடுநடுவே ஓரியனைத் திரும்ப நடுவில் கொண்டுவாருங்கள். பிறகு கணினியில் டீப் ஸ்கை ஸ்டாக்கர் அல்லது சிரில் என்ற மென்பொருளில் எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்குங்கள். இரண்டும் இலவசம். இதைச் சொல்லித்தர ஆயிரக்கணக்கில் வாங்கும் ‘வார இறுதிப் பயிற்சி’க்குப் போகாதீர்கள்.

உங்கள் தொலைநோக்கிக்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு: நிலா. நிலா பிரகாசமானது. ஐஎஸ்ஓ 200இல் 1/125 விநாடி போதும், அதற்குள் எதுவும் நகராது. மோட்டார் வேண்டாம். 700 மி.மீ.யில் நிலா சென்சார் மேல் ஆறு மி.மீ. சொச்சம் அகலத்தில் விழும். முழுசாக அடங்கும், பார்லோ அங்கேயும் வேண்டாம். ஆனால் எல்லோரும் பௌர்ணமி அன்றுதான் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடுகிறார்கள். அன்று நிலாவின் மேல் வெயில் நேராக அடிக்கிறது, பள்ளங்களுக்கு நிழல் இல்லை, படம் தட்டையாக வரும். நாட்காட்டியில் வளர்பிறை சப்தமி, அஷ்டமியைப் பாருங்கள். ஒளியும் இருட்டும் சேரும் கோட்டில் பள்ளங்களும் மலைகளும் நிழலோடு எழுந்து நிற்கும். அந்தி சாயும்போதே நிலா உச்சியில் இருக்கும், தூக்கமும் கெடாது. உதிக்கும் நிலாவை எடுக்காதீர்கள். அடிவானக் காற்றில் விளிம்பு நெளியும். மாடியில் எடுத்தால், வெயிலில் சுட்ட தளம் ஆற ஒரு மணி நேரம் விடுங்கள்.

மவுண்டுக்கு வருகிறேன். ஒரு பனிக்காலம் முழுக்க லென்ஸில் எடுத்த பிறகும் ஆசை இருந்தால், அப்போது கேமராவை மட்டும் சுமந்து வானத்தோடு திருப்பும் சிறிய ஸ்டார் டிராக்கரைப் பாருங்கள். இந்த 70 மி.மீ. குழாயை அதில் ஏற்ற வேண்டாம். எதை வாங்கினாலும் அதன் அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும். மணப்பாறையில் அது அடிவானத்திலிருந்து வெறும் 10 டிகிரி சொச்சம் உயரத்தில், பெரும்பாலும் புழுதிக்கும் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும் பின்னால் கிடக்கும். மலிவான மவுண்டுகள் பலவற்றை அவ்வளவு தாழ்வாகச் சாய்த்தால் எடைக்கல் கம்பி முக்காலியின் காலில் முட்டும். ஆகவே கடையிலேயே 10 டிகிரிக்குச் சாய்த்து, முழுச் சுற்று சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். ‘வீட்டுக்குப் போய் செட் பண்ணிக்கலாம் சார்’ என்றால் பணத்தை எடுக்காமல் திரும்பி வாருங்கள்.